எந்த மீன்?

பிப்ரவரி 3, வெள்ளி

தண்ணீர்ப் பம்பு கம்பெனியின் கையேடு, அறுபத்து நான்கு பக்கம், இன்று முடிந்தது. ‘இயக்கும் முறை’ என்று வர வேண்டிய பதினேழு இடத்தில் ‘இயங்கும் முறை’ என்று அடித்து வைத்திருக்கிறார்கள். தட்டச்சு செய்யும் பெண், “இதையெல்லாம் யாரு சார் உக்காந்து படிக்கப் போறாங்க?” என்றாள். நான் படிக்கிறேனே, அம்மணி. முப்பத்தொரு வருஷமாக ஒருத்தன் உட்கார்ந்து மெய்ப்புப் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறேன். அச்சகத்தில் முதுகுக்குப் பின்னால் எனக்கு ‘ஒற்று’ என்று பெயர். ‘ஒற்று வந்தாச்சு.’ ‘ஒற்று டீ குடிக்கப் போயிருக்கு.’ காதில் விழாத மாதிரி இருந்துகொள்கிறேன். வைத்த பெயரிலாவது பிழை இல்லை.

சாயங்காலம் ஒரு கூத்து. மனைவி (இனி ‘இவள்’) குளிக்கப் போயிருந்தாள். மேஜையில் இவள் போன் அடித்தது. திரையில் ‘தையல்’ என்று வந்தது. இந்தத் தையல்காரம்மா வாரத்துக்கு நாலு தடவை கூப்பிடுகிறாள். அப்படி என்னதான் தைக்கிறாளோ என்று நானே எடுத்தேன்.

“மீன்?” என்றது ஒரு பொடிக் குரல்.

“மீன் எல்லாம் வேண்டாம்மா. தையல்காரம்மா இல்லையா?”

“மீன்? மீன் இந்த?”

“எந்த மீன்?”

“இந்த!”

“எந்த?”

“இந்த! மீன் இந்த?”

“எந்த மீனா இருந்தாலும் எங்களுக்கு வேண்டாம். போனை வை.”

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம். வைத்துவிட்டது. இவள் தலையைத் துவட்டிக்கொண்டு வந்தாள். “உன் தையல்காரி மீன் வியாபாரமும் ஆரம்பிச்சுட்டாளா?” என்று கேட்டேன். இவள் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே.

பிப்ரவரி 4, சனி

அது தையல்காரி இல்லை. என் பேத்தி.

பிப்ரவரி 5, ஞாயிறு

நேற்று ஒரு வரிக்கு மேல் கை ஓடவில்லை. இன்று எழுதுகிறேன்.

மகளுடைய எண்ணைத்தான் இவள் ஆறு வருஷமாகத் ‘தையல்’ என்ற பெயரில் வைத்திருக்கிறாள். அவள் பெயரைத் திரையில் பார்த்தாலே நான் மூஞ்சியைத் தூக்கிக்கொண்டு போய்விடுவேனாம். அது உண்மைதான். மகள் கடல் தாண்டிக் கல்யாணம் செய்துகொண்டு போனவள். மாப்பிள்ளை வீட்டில் அரபு பேசுகிறார்கள். மகள் என்னோடு பேசுவதில்லை, நானும் பேசுவதில்லை. நாலு வயதில் ஒரு பேத்தி இருப்பது தெரியும். இவள் துணி அலமாரியில், புடவைக்கு அடியில், ஒரு படம் இருக்கிறது. இவள் கடைக்குப் போகிற நேரத்தில் பார்த்திருக்கிறேன். (இவள் மருந்துக் கடையில் பில் போடுகிறாள், காலை நேரம் மட்டும்.) முகம் இருக்கிறது என்று தெரியும். குரல் இருக்கும் என்று தோன்றவில்லையே எனக்கு!

“மீன்னா அவங்க பேச்சுல ‘யாரு’ன்னு அர்த்தம். இந்தன்னா ‘நீ’. குழந்தை நீ யாருன்னு கேட்டிருக்கு” என்றாள் இவள்.

நீ யார் என்று ஒரு குழந்தை நாலு தடவை கேட்டிருக்கிறது. நான் எந்த மீன் என்று கேட்டிருக்கிறேன். இதை விடப் பெரிய மெய்ப்புப் பிழை என் வாழ்நாளில் விட்டதில்லை.

பிப்ரவரி 8, புதன்

டயர்க் கடைக்கு மேல் மாடியில் ஒரு டியூஷன் கூடம். வாசலில் பலகை: ‘அரபு மொழி வகுப்பு — தொடக்க நிளை’. நிளை! திரும்பி வந்துவிடலாமா என்று படியிலேயே நின்றேன். பிறகு, நமக்கு வேண்டியது அரபுதானே, தமிழ் இல்லையே என்று ஏறிவிட்டேன். இவளிடம் நடைப்பயிற்சி என்று சொல்லியிருக்கிறேன்.

ஞாயிறும் புதனும் மாலை ஆறு மணி. வாத்தியாரம்மாவுக்கு என் மகள் வயதுதான் இருக்கும். என்னைத் தவிர இரண்டே பேர். ஒரு நர்ஸ், வெளிநாட்டு வேலைக்குப் போகப் போகிறாள். ஒரு லாரி மெக்கானிக், உதிரிபாகப் பெட்டியின் மேல் எழுதியிருப்பதைப் படிக்க வேண்டுமாம். என்னைக் கேட்டதற்கு “மொழி ஆர்வம்” என்றேன். பச்சைப் பொய்.

வலமிருந்து இடம். சரி. ஒரே எழுத்துக்கு முதலில் ஒரு வடிவம், நடுவில் ஒன்று, கடைசியில் ஒன்று. அதுவும் சரி. அப்புறம்தான் வாத்தியாரம்மா குண்டைப் போட்டாள். உயிர்க்குறிகளைப் பெரும்பாலும் எழுதவே மாட்டார்களாம். மெய் மட்டும் எழுதி விட்டுவிடுவார்களாம்.

“அப்புறம் எப்படிம்மா படிக்கிறது?”

“பழகிட்டா தெரிஞ்சிடும், ஐயா.”

“பழகாதவன்?”

“தப்பா படிப்பான்.”

எவ்வளவு நிம்மதியாகச் சொல்கிறாள்!

பிப்ரவரி 9, வியாழன்

அடித்தொண்டையில் பிறக்கும் ஓர் எழுத்து இருக்கிறது. ‘அ’ என்று ஆரம்பித்து, பாதியில் யாரோ கழுத்தைப் பிடித்த மாதிரி நிறுத்த வேண்டும். குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு இருபது தடவை சொன்னேன். வெளியே வந்தால் இவள் வெந்நீர் டம்ளரோடு நிற்கிறாள்.

“எத்தனை நாளா இப்படி இருக்கு? டாக்டர்கிட்ட போலாமா?”

குடித்தேன். வேறு என்ன செய்வது?

பிப்ரவரி 12, ஞாயிறு

வீட்டுப்பாடம் திரும்பி வந்தது. பதினான்கு சுழி, அத்தனையும் சிவப்பு. ஓர் எழுத்துக்குப் புள்ளி கீழே, நான் மேலே வைத்துவிட்டேன். ஒன்றுக்கு இரண்டு புள்ளி, நான் மூன்று வைத்துவிட்டேன். புள்ளி வைப்பதில் எனக்கே பாடமா! பக்கத்தின் அடியில் ‘திரும்ப எழுதவும்’ என்று வேறு போட்டிருக்கிறாள்.

நர்ஸுக்கு ஆறுதான். மெக்கானிக்குக்குக் கூட ஒன்பது. வழி நெடுக அந்தத் தாளைச் சட்டைப் பைக்குள் மடித்து மடித்து வைத்துக்கொண்டு வந்தேன். நான் யாருக்கெல்லாம் இந்த மாதிரி எழுதியிருக்கிறேன் என்று ஒரு யோசனை வந்தது. அதை மேற்கொண்டு யோசிக்கவில்லை.

பிப்ரவரி 15, புதன்

“இது கதவா?” “ஆம், இது கதவு.” “இது நாற்காலியா?” “இல்லை, இது கதவு.” நானும் நர்ஸும் அரை மணி நேரம். கதவு அசையாமல் கேட்டுக்கொண்டிருந்தது.

பிப்ரவரி 17, வெள்ளி

இப்போது ஒளிவுமறைவு இல்லை. இவள் சமையலறையில் ஸ்பீக்கரில் போட்டுப் பேசுகிறாள். நான் கூடத்தில் பேப்பரை விரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒரே பக்கத்தைத்தான். குழந்தை “மாமா! மாமா!” என்று கத்தியது. யாரடா இது, நமக்குத் தெரியாமல் ஒரு மாமா? எழுந்து போய்க் கேட்டேவிட்டேன்.

“அவங்க அம்மாவக் கூப்பிடுறா” என்றாள் இவள், போனைக் கையால் மூடிக்கொண்டு. “அங்க அம்மாதான் மாமா.”

“அப்போ அம்மான்னா?”

அதற்கு இவளுக்குப் பதில் தெரியவில்லை. ஆனால் ஒன்று கவனித்தேன். இவள் குழந்தையோடு சரளமாகப் பேசுகிறாள்! ‘ஷூ’ என்கிறாள் (என்ன என்று அர்த்தமாம்), ‘புக்ரா’ என்கிறாள் (நாளைக்கு என்று அர்த்தமாம்), நடுவில் “சாப்பிட்டியாடி தங்கம்” என்கிறாள், எல்லாவற்றையும் ஒரே வாக்கியத்தில். எழுவாய் கிடையாது, பயனிலை கிடையாது. குழந்தை எல்லாவற்றுக்கும் பதில் சொல்கிறது. நான் ஒன்பது நாள் படித்தும் கதவைப் பற்றி மட்டும் பேசிக்கொண்டிருக்கிறேன்.

பிப்ரவரி 19, ஞாயிறு

வாத்தியாரம்மாவிடம் விசாரித்தேன். அரபில் ‘அம்மா’ என்றால் அத்தையாம், அப்பாவோடு பிறந்தவள். அதையும் அந்த அடித்தொண்டை எழுத்தில்தான் தொடங்க வேண்டும். ஆக அந்த வீட்டில் மாமா என்றால் அம்மா, அம்மா என்றால் அத்தை. நான் யாராகப் போகிறேனோ தெரியவில்லை.

பிப்ரவரி 22, புதன்

‘மீன்’ பாடப் புத்தகத்தில் இல்லை. மூன்று தடவை தேடிவிட்டேன். புத்தகத்தில் யார் என்பதற்கு ‘மன்’. “மீன்கிறது வீட்டுப் பேச்சு, ஐயா. நாம படிக்கிறது எழுத்துப் பேச்சு” என்றாள் வாத்தியாரம்மா.

எனக்குப் பரம திருப்தி. எழுத்துப் பேச்சே இருக்கட்டும். கற்கிறதுதான் கற்கிறோம், சுத்தமாகக் கற்போம்.

நோட்டில் தமிழ் எழுத்திலேயே எல்லாவற்றையும் குறித்துக்கொள்கிறேன். ஒரு தலைவலி: அவர்களுடைய நாலு எழுத்துக்கு நான் ‘க’ போட வேண்டியிருக்கிறது. ‘த’ ஒன்றே ஆறு எழுத்துக்கு உழைக்கிறது. ஆனால் வேலையில்லாமல் கிடந்த ஆய்தத்துக்கு இப்போதுதான் சரியான வேலை கிடைத்திருக்கிறது. அவர்களிடம் ‘ப’ கிடையாது. ‘பேத்தி’ என்று அரபில் எழுதவே முடியாது. ‘அப்பா’வும் அப்படித்தான்.

பிப்ரவரி 25, சனி

மாட்டிக்கொண்டேன். நர்ஸ் இவளுடைய மருந்துக் கடைக்கு வந்து, “உங்க வீட்டு ஐயாதான் எங்க கிளாஸ்ல வயசான ஸ்டூடண்ட்” என்று சொல்லிவிட்டாளாம். இவள் சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. எதிரே வந்து உட்கார்ந்தாள்.

“குழந்தைக்கு ஏன் தமிழ் வரலன்னு ஒரு தடவையாவது கேட்டீங்களா?”

கேட்டதில்லை.

“சொல்லிக் குடுடின்னு நான் எத்தனையோ தடவை சொல்லிட்டேன். ‘எனக்குத் தப்பில்லாம வராதும்மா, தப்பா சொல்லிக் குடுத்தா அப்பா திருத்துவாரு’ன்னா.”

அப்புறம் இவள் எழுந்து போய்விட்டாள். நான் உட்கார்ந்தே இருந்தேன்.

எழுதிவிடுகிறேன். இதுவரை எந்த நோட்டிலும் எழுதியதில்லை. ஆறு வருஷத்துக்கு முன் வேலை பார்த்த ஊரிலிருந்து மகள் எனக்கு ஒரு கடிதம் எழுதினாள். நாலு பக்கம். இப்படி ஒருவரைப் பிடித்திருக்கிறது, கல்யாணம் செய்துகொள்ளப் போகிறேன், நீங்கள் சம்மதிக்க வேண்டும் என்று. எனக்கு வேண்டாம் என்று சொல்லவும் வாய் வரவில்லை, சரி என்று சொல்லவும் மனசு வரவில்லை. என்ன செய்தேன்? சிவப்புப் பேனாவை எடுத்தேன். ஒற்றுப் பிழை ஏழு, லகர ளகரம் மூன்று, எழுவாய் இல்லாத வாக்கியம் ஒன்று. மொத்தம் பதினொன்று. அடியில் ‘திருத்தி அனுப்பவும்’ என்று எழுதி, உறையில் போட்டு, திருப்பி அனுப்பிவிட்டேன்.

அவள் திருத்தி அனுப்பவில்லை.

என்ன மனுஷன்டா நீ? சம்மதம்னு ஒரு வார்த்தை, இல்ல ஒரு திட்டு — ஏதாவது ஒண்ணு எழுதியிருக்கக் கூடாதா?

மார்ச் 3, வெள்ளி

இன்று பேசினேன்!

திட்டம் இவளுடையது. வெள்ளிக்கிழமை அங்கே விடுமுறை. மகள் வழக்கமாக இவளோடு பேசி முடித்ததும், “குழந்தைகிட்ட குடு, நீ போய் வேலையப் பாரு” என்று இவள் சொல்வாள். மகள் போனைக் குழந்தையிடம் கொடுத்துவிட்டுத் துணி காயப்போடப் போவாள். அந்த இடைவெளியில் நான்.

ஒரு வாரமாகப் பயிற்சி. வாத்தியாரம்மாவிடம் கேட்டு வாங்கிய வாக்கியம், இலக்கண சுத்தம். தொண்டையைச் செருமிக்கொண்டு, எழுந்து நின்று சொன்னேன்: “யா ஸகீரத்தீ! அனா ஜத்துகி!” என் சின்னஞ்சிறியவளே, நான் உன் தாத்தா.

அந்தப் பக்கம் ஒரே அலறல்: “கர்தூன்! கர்தூன்!” விழுந்து விழுந்து சிரிக்கிறது குழந்தை.

கர்தூன் என்ன சொல் என்று அகராதியைப் புரட்டினேன். இவள் தலையில் அடித்துக்கொண்டாள். “கார்ட்டூன்ங்க!” அங்கே டிவியில் வரும் கார்ட்டூன்களில் மட்டும்தான் இந்த எழுத்துப் பேச்சைப் பேசுவார்களாம். வீட்டில் ஒரு மனுஷன் அப்படிப் பேச மாட்டானாம். என் பேத்திக்கு நான் ஏதோ பேசுகிற கரடி.

சரி, கரடியாகவே இருந்துவிட்டுப் போகிறேன். ஏழு நிமிஷம் பேசினேன். பேசியது பெரும்பாலும் கதவைப் பற்றி.

மார்ச் 7, செவ்வாய்

அச்சகத்தில் மானம் போயிற்று. எலும்பு மருத்துவமனை ஒன்று புதிதாகத் திறக்கிறார்கள். ஐந்நூறு அழைப்பிதழ், நான் பார்த்து ஒப்புக்கொடுத்தது. ‘திறப்பு விலா’ என்று போய்விட்டது. முப்பத்தொரு வருஷத்தில் முதல் தடவை. இப்போதெல்லாம் கண் தானாக வலமிருந்து இடமாக ஓடுகிறது. முதலாளி என்னை மேலும் கீழும் பார்த்து, “உடம்பு ஏதும் முடியலையா சார்?” என்றார். தட்டச்சுப் பெண் வாயில் கைக்குட்டையை வைத்துக்கொண்டு வெளியே ஓடினாள்.

மறுபடி அடித்துத் தருகிறோம் என்று சொல்லலாம் என முதலாளி போன் செய்தால், “விலா எலும்புன்னு சிலேடையா போட்டிருக்கீங்க, பிரமாதம்” என்றாராம் டாக்டர். தமிழ் பிழைத்ததா நான் பிழைத்தேனா என்று தெரியவில்லை.

மார்ச் 10, வெள்ளி

பன்னிரண்டு நிமிஷம். இவள் குழந்தைக்கு என்னை முறைப்படி அறிமுகம் செய்துவைத்தாள்: “இது ஜித்தோ.” வீட்டுப் பேச்சில் தாத்தா. “ஜித்தோ கர்தூன்!” என்று முடிவு செய்துவிட்டது குழந்தை. மகளிடம், பாட்டி வீட்டில் ஒரு கார்ட்டூன் ஓடுகிறது என்று சொல்லியிருக்கிறதாம். மகள் டிவி என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

அறுபத்திரண்டு வயதில் இப்படித் திருட்டுத்தனமாகச் சிரித்துக்கொண்டு ஒரு வெள்ளிக்கிழமை போகும் என்று யார் நினைத்தது?

மார்ச் 17, வெள்ளி

கெட்டது குடி. வரிசையாக எழுதுகிறேன், அப்போதுதான் எனக்கே புரியும்.

இன்று ஒரு புதுச் சொல்லைத் தயார் செய்து வைத்திருந்தேன். ‘கல்பு’ என்றால் இதயம். ‘யா கல்பீ’ என்றால் என் இதயமே. நன்றாக உருட்டிச் சொன்னேன்.

“கல்ப்?” என்றது குழந்தை. அப்புறம், “அவ்! அவ் அவ்!”

என்னடா இது என்று நோட்டைப் பார்த்தேன். இருபத்திரண்டாம் பக்கம்: கல்பு — இதயம். ஒன்பதாம் பக்கம்: கல்பு — நாய். இரண்டும் என் கையெழுத்து. இரண்டிலும் ஒரு பிழை கிடையாது. அவர்களுக்கு அவை வேறு வேறு ‘க’. இதயத்துக்குத் தொண்டைக்குள்ளிருந்து வர வேண்டும், நாய்க்கு வாயிலேயே போதும். நம்மிடம் இருப்பது ஒரே க. பேத்தியை, என் நாயே என்று கொஞ்சியிருக்கிறேன்.

குழந்தைக்கு அது பிடித்துப்போயிற்று. “அவ் அவ்” என்று விடாமல் குரைத்தது. எங்கள் ஊர் நாய் அப்படிக் குரைக்காது என்று எப்படிச் சொல்வது? நானே செய்து காட்டினேன்: “லொள்! லொள் லொள்!” குழந்தை “லொல்” என்றது. “லொல் இல்லை. லொள். நாக்கை மடி. லொ-ள்!” “லொள்!” வந்துவிட்டது! தமிழ் ளகரம், சுத்தமாக, மணி மாதிரி! எனக்குத் தலைகால் புரியவில்லை. இரண்டு பேரும் சேர்ந்து “லொள் லொள் லொள்” என்று—

“யாரும்மா அது, நாய் மாதிரி குலைக்கிறது?”

மகள். போனில். ஆறு வருஷம் கழித்து.

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? ‘நான்தாம்மா’ என்று சொல்லியிருக்கலாம். ‘நல்லா இருக்கியா’ என்று கேட்டிருக்கலாம். ஒன்றும் பேசாமல் இவளிடம் போனைக் கொடுத்திருந்தால்கூடத் தேவலை. என் வாய், இந்தப் பாழாய்ப்போன வாய், என்ன சொல்லிற்று தெரியுமா?

“குலைக்கிறது இல்ல. குரைக்கிறது. இடையின ர.”

அங்கே போன் வைக்கப்பட்டது.

இவள் என் கையிலிருந்து போனை வாங்கி வைத்தாள். “ஆறு வருஷம் கழிச்சு பொண்ணு வாயத் திறந்து ஒரு வார்த்தை பேசினா. அதுலயும் தப்பா?”

அரபு நோட்டை மூடி மேஜைக்குள் போட்டேன்.

மார்ச் 18, சனி

இந்த வாயில் ஒரு பூட்டு மாட்டினால் என்ன?

மார்ச் 22, புதன்

வகுப்புக்குப் போகவில்லை. யாருக்காகப் போவது?

மார்ச் 24, வெள்ளி

போன் வரவில்லை. இவள் கூப்பிட்டதற்கும் எடுக்கவில்லை. பேப்பரை நாலு மணியிலிருந்து ஏழு மணி வரை படித்தேன். பிழை இருந்ததா என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

மார்ச் 26, ஞாயிறு

இவள் விரட்டி அனுப்பினாள். “படிச்ச படிப்ப பாதில விடுறதுக்கு நீங்க என்ன சின்னப் பையனா? போங்க.” போனேன். மெக்கானிக் எனக்காக இடம் பிடித்து வைத்திருந்தார், காலியான கூடத்தில்.

வகுப்பு முடிந்ததும் வாத்தியாரம்மாவிடம், மன்னிப்புக் கேட்க என்ன சொல் என்று கேட்டேன்.

“ஆம்பள சொன்னா ‘ஆஸிஃப்’. யார்கிட்ட கேக்கப் போறீங்க, ஐயா?”

“மகள்கிட்ட.”

“அவங்களுக்குத் தமிழ் தெரியாதா?”

“அவளுக்குத் தெரியும்மா. எனக்குத்தான் வரல.”

வாத்தியாரம்மா தன் கையாலேயே அந்தச் சொல்லை என் நோட்டில் எழுதிக் கொடுத்தாள், எல்லா உயிர்க்குறியும் போட்டு.

தமிழில் ஒரு கடிதம் எழுதிப் பார்க்காமல் இல்லை. மூன்று நாளாக எழுதிக் கிழிக்கிறேன். இரண்டாவது வரி வந்ததும் முதல் வரியைத் திருத்தத் தொடங்கிவிடுகிறேன். அரபில் அந்த வசதி இல்லை. எனக்குத் தெரிந்தது ஒரு சொல், அதை வைத்துத்தான் பிழைத்தாக வேண்டும்.

மார்ச் 31, வெள்ளி

குழந்தை இரண்டு வாரமாகக் கார்ட்டூன் கேட்டு அழுதிருக்கிறது. வேறு எந்தக் கார்ட்டூன் போட்டாலும் வேண்டாமாம், லொள் கார்ட்டூன்தான் வேண்டுமாம். மகள் இறங்கி வந்தாள். இவளிடம் நிபந்தனை சொன்னாள்: “அஞ்சு நிமிஷம். குழந்தைகிட்ட மட்டும். ஸ்பீக்கர்ல.” என்னோடு பேச மாட்டாள், ஆனால் கேட்டுக்கொண்டு இருப்பாள்.

குழந்தை “ஜித்தோ! லொள்!” என்றது. லொள் சொன்னேன். அப்புறம் சொன்னேன், புத்தகப் பேச்சில்: அம்மாவிடம் சொல்லு, ஜித்தோ ஆஸிஃப்.

“மாமா! ஜித்தோ ஆஸிஃப்!” என்று கத்திற்று குழந்தை.

தூரத்தில் மகள் குரல். அரபில் குழந்தையிடம் ஏதோ சொன்னாள். குழந்தை என்னிடம் கேட்டது:

“லேஷ்?”

அந்தச் சொல் எனக்குத் தெரியாது. நோட்டிலும் இல்லை. காதில் ‘லேசு’ என்றுதான் விழுந்தது. லேசா என்று கேட்கிறது போலிருக்கிறது! மன்னிப்புக் கேட்பது லேசா என்று. நாலு வயதுக் குழந்தை இதைக் கேட்கிறதே என்று எனக்கு அரபெல்லாம் மறந்துபோயிற்று.

“லேசு இல்லடா கண்ணு. ரொம்பக் கஷ்டமா இருக்கு.”

இவள் என் தோளைப் பிடித்துக்கொண்டாள். அந்தப் பக்கம் மூக்கால் ஒரு சத்தம் வந்தது. சிரிப்பா அழுகையா என்று சொல்ல முடியாத சத்தம்.

“லேஷ்னா ஏன்னு அர்த்தம்ப்பா.”

அர்த்தம்ப்பா. கடைசியில் ஒரு ‘ப்பா’.

“ஏன்னு கேக்கச் சொன்னேன். எதுக்கு ஆஸிஃப்?”

சொன்னேன். நின்றுகொண்டே சொன்னேன், தமிழில், எழுவாய் பயனிலை எதையும் பார்க்காமல். “நீ நாலு பக்கம் எழுதியிருந்த. நான் அதுல ஒரு வரிகூடப் படிக்கலம்மா. தப்ப மட்டும்தான் படிச்சேன். பயமாயிருந்துச்சு. நீ போயிடுவேன்னு பயம். அத எழுதத் தெரியல எனக்கு. பதினொண்ணு எண்ணி அனுப்பிட்டேன்.”

“பதினொண்ணு இல்ல” என்றாள் மகள். “பன்னண்டு. ஒண்ண நீங்க விட்டுட்டீங்க.”

“எது?”

“சொல்ல மாட்டேன்.”

அந்தக் கடிதத்தை வைத்திருக்கிறாள்! ஆறு வருஷமாக வைத்திருந்து, எடுத்து எடுத்துப் படித்து, நான் விட்ட பிழையைக் கண்டுபிடித்து வைத்திருக்கிறாள். யார் மகள்! அஞ்சு நிமிஷம் என்றது பதினாறு நிமிஷம் ஆயிற்று. பிறகு குழந்தைக்குப் பசி வந்துவிட்டது.

இவள் அழுதுகொண்டே காபி போட்டாள். உப்பா சர்க்கரையா என்று பார்க்கவில்லை, குடித்துவிட்டேன்.

ஏப்ரல் 1, சனி

எந்தப் பிழையாக இருக்கும்? ‘அன்புள்ள’வில் ஏதாவதா? யோசித்து யோசித்துத் தலை வலிக்கிறது. வலிக்கட்டும்.

ஏப்ரல் 9, ஞாயிறு

இன்று வகுப்பில் தேர்வு. எட்டுச் சுழிதான். மெக்கானிக்குக்குப் பத்து. மனுஷன் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டார். வெளியே வந்ததும் டீ வாங்கிக் கொடுத்தேன்.

ஏப்ரல் 14, வெள்ளி

வெள்ளிக்கிழமைகளில் இப்போது முறைப்படி எனக்குப் பத்து நிமிஷம். பத்தும் குழந்தைக்கே சரியாகப் போகிறது. மகள் இடையில் வந்து “சாப்பிட்டீங்களா?” என்கிறாள். “ஆச்சு” என்கிறேன். “சரி” என்கிறாள். இவளோடு என்றால் மணிக்கணக்கில் பேசுகிறாள். எனக்கு அந்த ‘சரி’ போதும் என்று எழுத நினைத்தேன். போதவில்லை. ஆனாலும் கேட்க வாய் வரவில்லை. எந்த மொழியிலும்.

ஏப்ரல் 25, செவ்வாய்

மத்தியானம் அச்சகத்திலிருந்து சீக்கிரமே வந்து கூடத்தில் உட்கார்ந்திருந்தேன். இவள் உள்ளே துணி மடித்துக்கொண்டிருந்தாள். என் போன் அடித்தது. இவளுடையது இல்லை, என்னுடையது. அதில் அச்சகத்தையும் பல் டாக்டரையும் தவிர யாரும் கூப்பிடுவதில்லை. பெயர் வரவில்லை, நீளமாக ஓர் எண்.

“அப்பா, அம்மா பக்கத்துல இருக்காளா?”

“உள்ள இருக்கா. கூப்பிடவா?”

“ஐயோ வேண்டாம்! மெதுவா பேசுங்க.”

ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டேன். விஷயம் இதுதான். குழந்தைக்கு முடியைக் கட்டையாக வெட்டிவிட்டிருக்கிறாள். அது தெரிந்ததிலிருந்து இவள் ஒரு நாளைக்கு மூன்று தடவை கூப்பிட்டு வாங்கு வாங்கு என்று வாங்குகிறாளாம். “உயிர எடுக்கிறாப்பா. நான் சொன்னா கோச்சுக்கிறா. மாமியாரே ஒண்ணும் சொல்லல, இவ மூணு நாளா இதே பாட்டு. நீங்கதான்ப்பா சொல்லணும்.”

“நான் சொன்னா மட்டும் கேட்டுடுவாளா?”

“உங்ககிட்டதானே சொல்ல முடியும்? வேற யார்கிட்ட போய்ச் சொல்றது?”

இருபது நிமிஷம் பேசினோம். இவளைப் பற்றி இரண்டு பேருமாகச் சேர்ந்து நன்றாகக் குறை சொன்னோம். போன தடவை குழந்தைக்குச் சளி பிடித்தபோது இவள் போனிலேயே வைத்தியம் பார்த்த கதையைச் சொன்னாள். இங்கே என் தொண்டைக்கு வெந்நீர் கொடுத்த கதையை நான் சொன்னேன். சத்தம் போட்டுச் சிரித்தாள். அப்புறம் சமையல் ஏதோ அடிபிடிக்கிறது என்று வைத்துவிட்டாள்.

திரும்பினால் இவள் மடித்த துணியோடு அறை வாசல்படியில் நிற்கிறாள்.

“யாரு போன்ல?”

“ராங் நம்பர்.”

“ராங் நம்பர்கூட இருபது நிமிஷமா?”

இவள் துணியை அலமாரியில் அடுக்கினாள். புடவை, துண்டு, என் சட்டைகள். கதவைச் சாத்திவிட்டுப் போகிற போக்கில் கேட்டாள்:

“ராங் நம்பர் சாப்பிட்டாளாமா?”

சாப்பிட்டாளாம் என்றேன்.